நாற்பது கிலோ தாங்கிய பாலம்

மே 26

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் உன் மகளைப் பற்றிய சேதி, மற்றதெல்லாம் அப்புறம். நண்டு ஜெயித்துவிட்டாள்! போனில் சொன்னால் நீ "ம், சரி" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போட்டோவும் உள்ளே வைத்திருக்கிறேன், கையில் வைத்துப் பார்.

பெண்களுக்கு நான் நடத்தும் எஞ்சினியரிங் முகாமில் மூன்று வாரமும் அவள் போட்ட ஆட்டம் கொஞ்சமில்லை. முதல் வாரம் மின்விசிறி மோட்டாரைக் கழற்றிப் பூட்டும் வேலை கொடுத்தேன். மற்ற பெண்கள் திருகாணியைத் தொடவே யோசித்தார்கள். இவள் பத்து நிமிடத்தில் பிரித்துப்போட்டுவிட்டு, "பெரியம்மா, இதுல ஒரு வாஷர் கம்மி, யார் எடுத்தா?" என்று என்னையே மிரட்டினாள். இரண்டாவது வாரம் தண்ணீர்ச் சக்கரம். கூடம் முழுக்க வெள்ளம். வாட்ச்மேன் என்னைத் திட்டாத திட்டில்லை.

கடைசி வாரம்தான் பாலம். ஐஸ் குச்சியும் வெள்ளைப் பசையும் மட்டும், வேறு எதுவும் கிடையாது. இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலத்தை வைத்து, பெற்றோர் முன்னால் மணல் பைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவோம். பத்து, இருபது, முப்பது, நாற்பது! உன் பெண்ணின் பாலம் அசையவில்லை. கூடமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிக்காதே.

மேடையிலேயே மைக்கைப் பிடித்து, "நான் எஞ்சினியர்தான் ஆவேன், பெரிய பாலம் கட்டுவேன்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் மேல்வகுப்பில் எந்தப் பிரிவு என்று எழுதித் தர வேண்டுமாமே. அறிவியல் பிரிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடு. உன் வீட்டுக்காரர் ஏதாவது இழுத்தால் என்னிடம் பேசச் சொல். கான்கிரீட் சோதனைக்கூடத்தில் பலம் பார்க்க நாள் முழுக்கக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கிற உனக்கு இப்படி ஒரு வாரிசு கிடைத்திருக்கிறது, கொஞ்சம் சந்தோஷப்படு.

பாலம் இங்கேயே என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருடம் வரும் பெண்களுக்குக் காட்ட வேண்டும்.

உன் அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

நீ இரண்டு நாளாகப் போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நான் கத்துவேன், நீ அழுவாய். நீ அழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது வரை அதையே செய்து அலுத்துவிட்டது. எழுதுகிறேன், படி.

நண்டுவின் வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டாயிற்று. கை சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் நான் எழுதுவது கையைப் பற்றி அல்ல.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சாக்கடை வாய்க்கால் ஓடுகிறது, உனக்குத் தெரியும். குப்பைத்தொட்டி அந்தப் பக்கம். எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போவோம். உன் முகாமிலிருந்து வந்த மறுநாளிலிருந்து இவள் அதற்குப் பாலம் கட்ட ஆரம்பித்தாள். பழைய பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி, அறுத்து, உன்னிடம் செய்த அதே முக்கோணச் சட்டத்தைப் பெரிதாகச் செய்தாள். கணக்கெல்லாம் போட்டிருக்கிறாள். சின்னப் பாலம் நாற்பது தாங்கியது, அப்படியானால் இது இத்தனை தாங்கும் என்று. நான் வேலையிலிருந்து திரும்பும்போது அவள் தூங்கிவிட்டிருப்பாள். "அம்மாவுக்கு சர்ப்ரைஸ்" என்று அவள் அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். அந்த மனுஷனும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சோதனைக்கூடத்தில் அவசர வேலைக்குப் போயிருந்தேன். இவள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். "எல்லாரும் வாங்க, நான் மொதல்ல நடந்து காட்டறேன்." கீழ்வீட்டு மாமா, எதிர்வீட்டு டெய்லர், மாடியில் இருக்கும் கல்லூரிப் பையன்கள், எல்லாரும் வந்து நின்றார்கள். நடுவில் போனதும் படாரென்று முறிந்து சாக்கடைக்குள் விழுந்தாள். அவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம்தான் தூக்கினார்கள். டெய்லர் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள்: "ஏம்மா, இதெல்லாம் உனக்கு எதுக்கு? நல்ல ட்ரெஸ் போட்டுக்கிட்டு ஜம்முனு இருக்க வேண்டியதுதானே."

நான் அவள் போட்ட கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு பெருக்கல்கூடத் தப்பில்லை. அளவைப் பெரிதாக்கினால் பலமும் அதே மாதிரி பெரிதாகாது, பாலம் தன் எடையையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். அந்தப் பாடம் வேறு. அதை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அவள் ஆரம்பித்த எண்ணே இடித்தது. ஐஸ் குச்சிப் பாலம் நாற்பது கிலோ தாங்காது என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்தால் தாங்கும். அதனால்தான் உன் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

நண்டுவுக்குப் பின்னால் ஒரு பொடிசு நிற்கிறது. முன்பல் இரண்டும் இல்லை. எட்டு வயதிருக்குமா? அதன் இடது கையில் 'பத்து' என்று பெயின்ட் அடித்த மணல் பை. வலது கையால் நமக்கு டாட்டா காட்டுகிறது. பத்து கிலோ மணலை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு சிரிக்கிற குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பையில் என்ன இருந்தது?


ஜூன் 13

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதத்தில் 'அன்புள்ள' என்ற வார்த்தையையே விட்டுவிட்டாய், கடைசியில் பெயரையும் போடவில்லை. சரி. எனக்கு வேண்டியதுதான்.

நண்டு விழுந்தாள் என்று படித்ததும் அடுப்பை அப்படியே அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணு, அந்தச் சாக்கடையில்! அவளிடம் போனைக் கொடேன், ஒரு தடவை குரலைக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே மணல், அடியில் மரத்தூள். போதுமா? கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். இப்போது நான் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

முதல் வருடம் நான் நேர்மையான எடைதான் வைத்தேன். ஒவ்வொரு பாலமாக நொறுங்கியது. ஒவ்வொரு தடவையும் கூடத்தில் ஒரு சிரிப்பு. கெட்ட எண்ணத்தில் சிரித்தார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் சிரித்தார்கள். ஒரு அப்பா நடுவிலேயே எழுந்து வந்து, "பாத்தாச்சுல்ல? வா, வீட்டுக்குப் போலாம்" என்று பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அடுத்த வருடம் பாதிப் பேர் வரவில்லை. பையன்களின் முகாமில் ராக்கெட் புஸ்ஸென்று போனால் "பரவாயில்லடா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார்கள். நம் பெண்களுக்கு அந்த அடுத்த தடவையை யாரும் கொடுப்பதில்லை. அது உனக்கும் தெரியும்.

பட்டறையில் நான் வேலை பார்த்த அந்த ஒரு வருடத்தை நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. நான் வரைந்த முதல் பிராக்கெட், அந்த இரும்புத் தாங்கி, சோதனையில் உடைந்த அன்று ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "இதுக்குத்தான் பொம்பளைங்கள உள்ள விடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்." மறுவாரம் அவன் தேர்ந்தெடுத்த பையனின் பிராக்கெட்டும் உடைந்தது. அதற்கு இரும்பு சரியில்லை என்றார்கள்.

அதனால் நான் முடிவு செய்தேன். என் கூடத்துக்குள்ளாவது ஒரு பெண்ணும் தோற்கக்கூடாது. ஒரு தடவை ஜெயித்து ருசி கண்டுவிட்டால், அப்புறம் வரும் அடிகளைத் தாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். தப்பா? நீயே சொல். என் முகாமுக்கு வந்தவர்களில் ஏழு பேர் இன்று எஞ்சினியரிங் படிக்கிறார்கள்.

அவள் வீட்டில் போய் நிஜமாகவே கட்டுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

உன் அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் கடைசி வரிதான் எல்லாவற்றையும் சொல்கிறது. எஞ்சினியர் ஆக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிறாய். அதில் ஒருத்தி நிஜமாகவே கட்டிவிடுவாள் என்று மட்டும் உனக்குத் தோன்றவில்லை. நீயே உன் பெண்களை நம்பவில்லை, அந்த ஃபோர்மேனைத் திட்ட உனக்கு என்ன யோக்கியதை?

ஏழு பேர் படிக்கிறார்களாம். அவர்கள் கட்டப்போகும் வீட்டில் நீ போய்க் குடியிரு.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நீ பரிசாகக் கொடுத்த திருப்புளிப் பெட்டியைப் பரண் மேல் போட்டுவிட்டாள். இடது கையாலேயே தூக்கிப் போட்டாள், உதவிக்குப் போனதற்கு என்மேல் எரிந்து விழுந்தாள். நேற்று சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்கிறாள்: "அம்மா, நான் அக்கவுன்ட்ஸ் எடுத்துக்கறேன். எனக்கு அது வராதும்மா. பெரியம்மா எல்லாம் சரியாத்தான் சொல்லிக்குடுத்தாங்க. ஒரே டிசைன், அங்க நின்னுச்சு, இங்க நிக்கல. அப்ப தப்பு எங்கிட்டதானே?"

அவள் அப்பா, "எடுக்கட்டுமே, இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?" என்கிறார்.

குடி முழுகித்தான் போயிருக்கிறது. சரியாக யோசித்த பெண், பொய்யான எண்ணை வைத்துக்கொண்டு, தனக்கு மூளை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். இந்த மாதக் கடைசிக்குள் பிரிவை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் மாற்ற முடியாது, பள்ளியில் கேட்டுவிட்டேன்.

நான் சொல்லிவிடலாம்தான். சொல்ல மாட்டேன். அவள் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள். நான் சொன்னால், தேற்றுவதற்காக அம்மா கதை கட்டுகிறாள் என்றுதான் நினைப்பாள். செய்தவள் நீ, உன் வாயால் சொல். பூசி மெழுகாமல், மரத்தூள் என்ற வார்த்தையோடு சொல்.

உன் தங்கை


ஜூன் 22

அன்புத் தங்கச்சிக்கு,

'உன் தங்கை' என்று போட்டிருக்கிறாய். அதுவே எனக்குப் பெரிது.

நண்டுவுக்கு ஒரு கார்டு அனுப்பியிருக்கிறேன், வந்திருக்கும். மலையேறும் பெண்ணின் படம் போட்டது. "துவண்டு போகாதே கண்ணு, நீ பெரிய ஆளா வருவே" என்று எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு அது அவளைத் தூக்கி நிறுத்தும்.

மற்றதைச் சொல்லத்தான் போகிறேன். சொல்லமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் பொறு. ஒரு பெரிய பள்ளிக்கூடம் அடுத்த வருடத்திலிருந்து அவர்கள் வளாகத்திலேயே முகாமை நடத்தித் தரச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறது. நூறு பெண்கள்! இந்த நேரத்தில் விஷயம் வெளியே போனால் எல்லாம் போயிற்று. நண்டு மனதில் எதையும் வைத்துக்கொள்ளமாட்டாள், அவள் வாய் உனக்குத் தெரியாதா. கூட இருந்த பெண்களுக்கு மறுநாளே தெரிந்துவிடும். ஒரு பெண்ணுக்காக நூறு பெண்களின் வாய்ப்பைக் கெடுக்கச் சொல்கிறாயா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. என்னைப் பார்த்து அவள் கண் விரியுமே, அந்த ஒன்றுதான் இருக்கிறது. அதையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

இரண்டு வாரம் பொறு.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

கார்டு வந்தது. படித்துவிட்டு உன் மகராசி என்ன சொன்னாள் தெரியுமா? "பாவம் பெரியம்மா, நான் தோத்துட்டேன்னு அவங்களுக்கு எவ்ளோ வருத்தம் பாரும்மா." அந்தக் கார்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

இரண்டு வாரத்தில் உன் பள்ளிக்கூடம் முடிவாகும். இங்கே ஐந்து நாளில் இவள் கதை முடிந்துவிடும். வெட்கமாக இல்லையா உனக்கு?

நூறு பெண்களாம். நூறு பேருக்கும் மரத்தூள்தானே கொடுப்பாய்.


ஜூன் 28

தங்கச்சிக்கு,

சொல்லிவிட்டேன். நண்டுவுக்குத் தனியாக எழுதி இதோடு சேர்த்தே கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைக்கும். எதையும் மறைக்கவில்லை. மரத்தூள் என்ற வார்த்தை இருக்கிறது, நீ வேண்டுமானால் பிரித்துப் பார்த்துக்கொள். பள்ளிக்கூடக்காரர்களிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "யோசிச்சு சொல்றோம் மேடம்" என்றார்கள். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. போகட்டும்.

வெறும் மன்னிப்போடு அவள் முன்னால் போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையான எண் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நேற்று மளிகைக்கடைக்காரரிடம் இரும்பு எடைக்கற்களைக் கெஞ்சி வாங்கி வந்து, கூடத்தைச் சாத்திக்கொண்டு, அவள் பாலத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேசைகளுக்கு நடுவில் வைத்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். பதினேழு கிலோ வரை நின்றதடி! அடுத்த கல்லை வைத்ததும் போய்விட்டது. பசையும் குச்சியும் வைத்துப் பதினைந்து வயதுப் பெண் செய்தது பதினேழு கிலோ! முதல் வருடத்தில் வந்த ஒரு பாலமும் அதில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. நிஜமான எடை வைத்திருந்தாலும் அவள்தான் முதல். இதை அவளிடம் நூறு தடவை சொல்.

இப்போதாவது அறிவியல் பிரிவு எடுப்பாள்தானே? உடனே போன் செய். நான் அழமாட்டேன்.

அக்கா


ஜூலை 4

அக்கா,

போன் செய்ய வேண்டும் என்று இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை அழுதால் நான்தான் அழுவேன் போலிருந்தது.

உன் கடிதத்தை அவள் என் முன்னால்தான் படித்தாள். மரத்தூள் என்ற இடத்தில் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். ஒன்றுமில்லை. கடைசி வரை படித்தாள். பிறகு கேட்டாள்:

"பெரியம்மா ஒடச்சுட்டாங்களா?"

"ஆமா. பதினேழு கிலோ தாங்குச்சாம். நீதான் ஃபர்ஸ்ட்டாம்."

"எங்க ஒடஞ்சுதாம்?"

"என்னடி கேக்கறே?"

"எந்த இடத்துலம்மா? நடுவுலயா, ஓரத்துலயா? குச்சி முறிஞ்சுதா, ஒட்டு விட்டுச்சா? அது தெரிஞ்சாத்தானே எது வீக்குன்னு தெரியும். அதுக்குத்தானே ஒடைக்கறது?"

உன் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதவில்லை. நீ பார்த்திருக்கவே மாட்டாய், எனக்குத் தெரியும். எண் கிடைத்த சந்தோஷத்தில் துள்ளியிருப்பாய். நான் ஒவ்வொரு கட்டி உடைந்ததும் குனிந்து முதலில் பார்ப்பது அதைத்தான். அதை நான் இவளுக்கு ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை அக்கா. அவளுக்குத் தானாகவே தோன்றியிருக்கிறது.

"என்னை வரச்சொல்லிட்டு ஒடச்சிருக்கலாம்ல?" என்றாள். "அது என்னோட பாலம்."

அப்போதுதான் அடுத்ததைக் கேட்டாள். "உனக்கு எப்பம்மா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கட்டுப் போட்ட அந்த வாரமே தெரியும் என்றேன். மூன்று வாரமாக அவள் தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு வளையவந்ததைப் பார்த்துக்கொண்டு, சாதம் போட்டுக்கொண்டு, தலை வாரிவிட்டுக்கொண்டு, நான் தெரிந்தேதான் இருந்தேன். உன் வாயால் வரவேண்டும், நீ குனிய வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்ற வீம்பு. நம் இருவருடைய சண்டைக்கு நடுவில் அவளை நிறுத்தி வைத்திருந்தேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "பெரியம்மா நான் தோத்துடக்கூடாதுன்னு பொய் சொன்னாங்க. நீ நான் நம்பமாட்டேன்னு சும்மா இருந்தே. நான் பையனா இருந்தா ரெண்டு பேரும் அன்னைக்கே சொல்லியிருப்பீங்க. 'டேய், தப்பாப் போச்சுடா, வா திரும்பப் பண்ணலாம்'னு சொல்லியிருப்பீங்க."

நான் உன்னைத் திட்டி எழுதியது அத்தனையும் திரும்பி என் முகத்தில் வந்து விழுந்தது.

மறுநாள் காலையில் அக்கவுன்ட்ஸ் என்று எழுதி என் முன்னால் நீட்டினாள், கையெழுத்துக்கு. வேண்டாம்டி என்றேன், கெஞ்சினேன், அவள் அப்பாகூடக் கேட்டுப் பார்த்தார். "அங்க தப்புன்னா தப்புன்னு சொல்லுவாங்கம்மா, எனக்கு அது போதும்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். நேற்றிலிருந்து வகுப்பு. டீச்சர் நல்லவராம், பாடம் சுலபமாம். என்ன கேட்டாலும் பதில் சொல்கிறாள், மரியாதையாகச் சொல்கிறாள். முன்பு போல வாயாடமாட்டேன் என்கிறாள்.

முகாமை நடத்துவதும் நிறுத்துவதும் உன் இஷ்டம். நடத்தினால் இரும்புக்கல்லை வை. உடையட்டும். யாராவது சிரித்தால் அவர்களை வெளியே அனுப்பு, பெண்ணை உள்ளே வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உடைந்த துண்டுகளைப் பெருக்கிக் கொட்டிவிட்டாயா, இருக்கிறதா? இருந்தால் ஒன்றையும் தொடாமல், ஒட்டிப் பார்க்காமல், அப்படியே ஒரு பெட்டியில் போட்டு அனுப்பு. அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

தங்கை